மலைநடைக்கு வெயில் தொப்பி தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெயில் தொப்பி வாங்கும்போது பெரும்பாலோர் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், தலையில் வைத்துக் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் நடக்கப் போகிறவருக்கு அது போதாது. முதுகில் பை, கண்ணில் கூலிங் கிளாஸ், நெற்றியில் வியர்வை, முகட்டுக்குப் போனால் காற்று. இத்தனையோடும் ஒத்துப்போகிற தொப்பிதான் நாள் முழுக்கத் தலையில் இருக்கும். ஒத்துப்போகாதது முதல் ஒரு மணி நேரத்திலேயே கழன்று பைக்குள் போய்விடும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கழற்றத் தோன்றாத தொப்பி எது என்றுதான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பாதை, அப்புறம் தொப்பி

எந்த மாதிரி இடத்தில் நடக்கப் போகிறீர்கள் என்று முடிவாகாமல் தொப்பி தேடக் கிளம்பாதீர்கள். அடர்ந்த காட்டுக்குள் போகும் பாதையில் அகல விளிம்பு தொந்தரவுதான். கிளைகளில் சிக்கும், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க விடாது. மரமே இல்லாத புல்வெளி முகடு, பாறைச் சரிவு, மணல்வெளி, பனிமலை என்றால் கதை வேறு.

உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர்களும் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம். 3000 மீட்டர் உயரத்தில் நடப்பவர் மேல் கடலோரத்தில் நடப்பவரை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் விழுகிறது. ஆனால் அங்கே காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது மாலை வரை தெரியாது. நம் உடம்புக்குத் தெரிவது வெக்கை. தோலைக் கெடுப்பது புற ஊதா. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. புற ஊதா உச்சத்துக்குப் போவது சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் நடுப்பகலில். வெக்கை உச்சத்துக்கு வருவது பொதுவாக அதற்குச் சில மணி நேரம் கழித்து. மெல்லிய மேகம் மூடினால் வெக்கை குறையும், புற ஊதாவில் பெரும்பகுதி கீழே வந்துகொண்டேதான் இருக்கும்.

கிளம்பும் முன் கைபேசியில் அன்றைய புற ஊதாக் குறியீட்டை, அதாவது வெயிலில் புற ஊதா எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 3 வந்தாலே பாதுகாப்பு தேவை. 8 வந்துவிட்டால் மிக அதிகம் என்று பொருள். கைபேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் உங்கள் நிழலே போதும். நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருந்தால் தொப்பியைக் கழற்றக் கூடாத நேரம் அது.

விளிம்பு எவ்வளவு அகலம் வேண்டும்?

தொப்பியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது தன் நிழல் விழும் இடத்தை மட்டுமே காக்கும். நிழல் எங்கே விழும் என்பதை முடிவு செய்வது விளிம்பு.

ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் கவுன்சில், அகல விளிம்புத் தொப்பி என்றால் பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் தோல் புற்றுநோய் அறக்கட்டளை சொல்லும் 3 அங்குலமும் அதே அளவுதான். இந்த எண் ஏன் சரி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

சூரியனை நோக்கி நடக்கிறீர்கள், விளிம்பு தரைக்குக் கிடையாக நெற்றியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருந்தால் 7.5 செ.மீ. விளிம்பின் நிழல் முகத்தில் சுமார் 13 செ.மீ. இறங்கும். கிட்டத்தட்டத் தாடை வரை வந்துவிடும். அதே நேரத்தில் 5 செ.மீ. விளிம்பு 8.7 செ.மீ.தான் இறங்கும், வாயும் தாடையும் வெயிலில். சூரியன் 45 பாகைக்கு இறங்கினால் 7.5 செ.மீ. விளிம்பு 7.5 செ.மீ. நிழல்தான் தரும். 30 பாகையில் வெறும் 4.3.

இதில் மூக்கை மறந்துவிடக் கூடாது. மூக்கு நுனி முகத்திலிருந்து முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் நிழலின் ஓரத்தை முதலில் தாண்டுவது அதுதான். தொப்பி போட்டும் மூக்கு மட்டும் சிவந்து திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆறுதல், சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்தில் புற ஊதாவும் பலவீனமாகவே இருக்கும். ஆகவே காலை மாலையில் விளிம்பு கோட்டை விட்டாலும் இழப்பு குறைவு.

அப்படியானால் 12, 15 செ.மீ. விளிம்பு இன்னும் நல்லதுதானே? காகிதத்தில் ஆமாம். நடக்கும்போது காற்று அதைத் தூக்கும், விளிம்பு மடங்கிக் கண்ணை மறைக்கும், செங்குத்தான ஏற்றத்தில் மேலே நீட்டியிருக்கும் பாறை கண்ணில் படாது. என் கணக்கில் 7.5க்கும் 10க்கும் இடைப்பட்டதே நடைக்கு ஏற்றது. அதோடு விளிம்பு கிடையாக நிற்பதை விடச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் அதே அகலத்தில் கூடுதல் நிழல் கிடைக்கும்.

விளிம்பின் விறைப்பையும் சோதியுங்கள். முன்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிவிட்டால் உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். துவண்டு தொங்குவது எதிர்க்காற்றில் நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் விளிம்பின் ஓரத்துக்குள் கம்பி இருக்கும், சிலவற்றில் மெல்லிய ஃபோம். கம்பி வைத்ததைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் கோணல்மாணலாகிவிடும், ஃபோம் மறுபடி எழுந்துகொள்ளும்.

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள்

தொப்பி வாங்குவதில் அதிகம் பேர் விட்டுவிடும் படி இது. உயரமான முதுகுப்பையின் மேல்மூடியும் சட்டமும் தலையின் பின்பக்கம் வரை வரும். நாலா பக்கமும் ஒரே அகலமாக இருக்கும் விறைப்பான விளிம்பு அதில் இடிக்கும். ஒவ்வொரு முறை நிமிர்ந்து மேலே பார்க்கும்போதும் பை தொப்பியை முன்னால் தள்ளும், தொப்பி கண்ணுக்கு இறங்கும். பத்து முறை சரி செய்வீர்கள், பதினோராவது முறை கழற்றிவிடுவீர்கள்.

ஒரு நாள் நடைக்கான சிறிய பை என்றால் பிரச்சினை இருக்காது. பல நாள் சுமையோடு போகிறவர்கள் பின் விளிம்பு மென்மையாகவோ குறுகலாகவோ இருப்பதைத் தேட வேண்டும். இல்லையென்றால் பின்னால் கழுத்தை மூடித் துணி தொங்கும் வகைக்குப் போய்விடலாம். அந்தத் துணி பைக்கும் கழுத்துக்கும் நடுவில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

வடிவங்களும் அவற்றின் குணமும்

சுற்றிலும் விளிம்புள்ள தொப்பிதான் பொதுவான விடை. முகம், காது, கழுத்து மூன்றுக்கும் ஓரளவு நிழல், காற்றுப் புகவும் இடம். திறந்தவெளியில் சிறிய பையோடு நடப்பவருக்கு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

முன்பக்கம் மட்டும் நீளும் கேப் பலருக்குப் பழக்கமானது, பறக்காது, மழை வந்தால் ஜாக்கெட்டின் தலைமூடிக்குள் அழகாக அடங்கும். ஆனால் காதும் பின்கழுத்தும் முழுசாக வெயிலில். தோல் புற்றுநோய் அடிக்கடி வரும் இடங்களில் காது, மூக்கு, கழுத்து எல்லாம் உண்டு என்பதால் கேப் மட்டும் போட்டு நாள் முழுக்க நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேப்தான் பிடிக்கும் என்றால் அதன் மேல் தலைமூடி வைத்த மெல்லிய வெயில் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். இந்த ஜோடி இப்போது நீண்டதூர நடையாளர்களிடம் நிறையப் பரவியிருக்கிறது. கேப்பின் முன்பகுதி முகத்துக்கு, சட்டையின் தலைமூடி காதுக்கும் கழுத்துக்கும். காற்றில் பறக்க எதுவும் இல்லை, பையிலும் இடிக்காது. ஈரப்பதமும் புழுக்கமும் உள்ள இடத்தில் மட்டும் காதைச் சுற்றி வெந்துபோகும்.

கழுத்துத் துணி வைத்த கேப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். பாதுகாப்பில் அதற்கு ஈடு குறைவு. துணி காதை மூடுவதால் பின்னால் வருபவர் கூப்பிடுவது சரியாகக் கேட்காது, காற்றில் படபடவென்று அடிக்கும். துணியைக் கழற்றி மாட்ட முடிகிற மாதிரி இருந்தால் நல்லது. முன்பக்க விளிம்போடு சேரும் இடத்தில் துணி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இடுக்கு திறந்திருந்தால் கன்னத்தில் ஒரு பட்டையாக வெயில் விழும்.

மென்மையான துணியில் விளிம்பு கீழ்நோக்கிச் சரியும் பக்கெட் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், அது ஒன்றுதான் அதன் பெரிய பலம். பலவற்றில் விளிம்பு 5 செ.மீ.தான் வரும். ஓலைத் தொப்பி காற்றோட்டத்தில் ராஜா. ஆனால் பின்னல் நெருக்கமாக இல்லாவிட்டால் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும், அத்தனையும் நேரடிப் புற ஊதா. மடித்தால் உடைந்தும் போகும். லெதர், மெழுகு பூசிய பருத்தி போன்றவை மழைக்கும் முள்ளுக்கும் தாங்கும், வெக்கையில் கனம்.

கல் உருண்டு விழக்கூடிய சரிவு, கயிறு பிடித்து ஏறும் இடம் என்றால் ஹெல்மெட்தான் முதலில். அதற்குள் போட மேலே பொத்தான் இல்லாத மெல்லிய கேப் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

துணியும் அந்த 50+ முத்திரையும்

தொப்பியின் அட்டையில் யூபிஎஃப் 50+ என்று எழுதியிருக்கும். துணி எவ்வளவு புற ஊதாவை உள்ளே விடுகிறது என்பதன் அளவு அது. யூபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டும் ஊடுருவும். 30 என்றால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், 15 என்றால் 7க்குக் கொஞ்சம் குறைவு. 15லிருந்து 30க்குப் போவதில் கிடைக்கும் லாபம் பெரியது, 30லிருந்து 50க்குப் போவதில் அவ்வளவு இல்லை. இந்த முறையை முதலில் தரநிலையாகக் கொண்டுவந்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், 1996இல்.

முத்திரையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். எண் துணிக்கு மட்டுமானது. 4 செ.மீ. விளிம்புள்ள தொப்பியும் 50+ என்று அட்டை மாட்டிக்கொண்டு வரலாம். மூக்குக்கு அதனால் என்ன பயன்? பக்கவாட்டில் வலைத்துணி வைத்திருந்தால் அந்த எண் வலைக்குப் பொருந்துமா என்பதும் கேள்விதான்.

முத்திரை இல்லாத தொப்பியானால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் புற ஊதாவும் அந்த வழியே வரும். நெருக்கமான நெசவு, தடித்த நூல், அடர்ந்த நிறம் மூன்றும் பாதுகாப்பைக் கூட்டும். துணி இழுபட்டாலோ தேய்ந்தாலோ குறையும்.

பாலியஸ்டர் இயல்பாகவே புற ஊதாவை நன்றாக உறிஞ்சும், சீக்கிரம் காயும், எடை குறைவு. நைலான் தேய்மானத்தைத் தாங்கும், அதில் பாதுகாப்பு பெரும்பாலும் நெசவிலிருந்தும் சேர்க்கும் பூச்சிலிருந்தும் வருகிறது. பருத்தி தலைக்கு இதம். ஆனால் வெளுத்த மெல்லிய பருத்தி நனைந்தால் அதன் காப்பு இன்னும் இறங்கும். உலர்ந்த வெக்கை உள்ள இடத்தில் பருத்தித் தொப்பியை ஓடையில் முக்கி அப்படியே போட்டுக்கொண்டால் தண்ணீர் ஆவியாக ஆவியாகத் தலை குளிரும். அங்கே பருத்திக்கு நிகரில்லை. புழுக்கமான காட்டில் அதே பருத்தி மாலை வரை காயாமல் கனத்துக் கிடக்கும். குளிர்க்காற்று வீசும் உயரத்தில் ஈரத் தொப்பி நல்லதே அல்ல.

காற்றோட்டமும் நிறமும்

காற்றுப் போக வழியில்லாத தொப்பி வியர்வையை அடைத்து வைக்கும், கை தானாகக் கழற்றப் போகும். பக்கங்களில் சின்னத் துளைகளோ வலைப்பட்டையோ இருக்கட்டும், உச்சியில் மட்டும் வலை வேண்டாம். வகிடு எடுக்கும் இடத்திலும் முடி மெலிந்த உச்சியிலும் வெயில் நேராக இறங்கும், தலைத்தோல் கருகினால் சீப்பு கூட வைக்க முடியாது. தலைக்கும் தொப்பியின் கூரைக்கும் நடுவே விரலளவு வெற்றிடம் இருந்தால் துளைகள் இல்லாமலேயே வெக்கை ஓரளவு குறையும்.

நிறத்தில், மேலே வெளிர், விளிம்பின் அடியில் கருப்போ கரும்பச்சையோ. வெளிர்நிறம் வெக்கையைக் குறைவாக வாங்கும். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் பாறையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எதிரொளிக்கும் வெளிச்சம் அதில் பட்டு மறுபடி கண்ணுக்குள் வரும். மேல் துணி வெளிர்நிறமாக இருப்பதால் காப்பு குறையுமே என்றால், அதைச் சரிக்கட்டத்தான் யூபிஎஃப் எண் பார்க்கச் சொன்னது.

அளவெடுப்பது

தையல் டேப்பைக் காதுக்கு ஒரு செ.மீ. மேலாகவும் நெற்றியின் நடுவாகவும் தலையைச் சுற்றிப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம். வரும் எண்ணைச் செ.மீ.யில் எழுதிக்கொள்ளுங்கள். 57, 58 என்று செ.மீ.யிலேயே அளவு போடும் தொப்பிகளும் உண்டு, எஸ், எம், எல் என்று போடுபவையும் உண்டு. எழுத்து அளவுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அவரவர் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். வெக்கையில் இறுக்கமான தொப்பி தலைவலியில் கொண்டு விடும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் பின்பக்கத்து நாடாவை இழுத்தோ உள்பட்டைக்குள் ஒரு ஃபோம் துண்டு செருகியோ சரி செய்யலாம்.

முடியைக் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் கட்டியபடியே அளவெடுங்கள். கொண்டையோ குதிரைவாலோ இருந்தால் பின்னால் திறப்பு உள்ள தொப்பி தேவைப்படும்.

கயிறு இல்லாமல் வாங்காதீர்கள்

முகட்டுக் காற்றில் பறந்த தொப்பியை எட்டிப் பிடிக்கப் போய்க் கால் தவறுவதை விடத் தொப்பியைப் பறக்கவிடுவதே மேல். தாடைக்கடியில் போடும் கயிறு இருந்தால் இரண்டுமே நடக்காது. பக்கத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் தைத்த கயிற்றை விட, முன்னும் பின்னுமாக நான்கு இடத்தில் பிடித்திருக்கும் கயிறு தொப்பியை ஆடாமல் நிறுத்தும். அழுத்தி நகர்த்தும் சின்னப் பூட்டு ஈரக் கையிலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

புதர்களுக்குள் நுழைந்து போகும் பாதைக்கும், குழந்தைகளுக்கும், பலமாக இழுத்தால் தானே விடுபடும் கயிறுதான் வேண்டும். எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக் கூடாது. கயிறு தேவைப்படாத நேரத்தில் அதைத் தொப்பியின் பின்புறம் சுற்றிவிட்டுக்கொள்ளலாம்.

வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியது

இணையத்தில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், அட்டையைக் கிழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். நடக்கப் போகும் அதே கூலிங் கிளாஸ், அதே முதுகுப்பை, பையில் வழக்கமான சுமை. தொப்பியை மாட்டித் தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டுங்கள். குனிந்து காலணிக் கயிறு கட்டுங்கள். நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். பை தொப்பியைத் தள்ளுகிறதா? நேராகப் பார்த்தபடி கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். விளிம்பு எவ்வளவு மறைக்கிறது? கண்ணாடியின் காதுத்தண்டு தொப்பிப் பட்டைக்கு அடியில் நசுங்குகிறதா? அரை மணி நேரம் அப்படியே வீட்டு வேலை பாருங்கள். நெற்றியில் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அந்தத் தொப்பி உங்களுடையது இல்லை.

கடைசியாக மடித்துப் பைக்குள் வைத்து எடுங்கள். பழைய வடிவத்துக்கு வருகிறதா பாருங்கள்.

தொப்பி எட்டாத இடங்கள்

எவ்வளவு நல்ல தொப்பியும் மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். புற ஊதாவில் கணிசமான பங்கு வானம் முழுவதும் சிதறிப் பக்கவாட்டில் வருகிறது, தரையிலிருந்தும் எதிரொளிக்கிறது. புல்லும் மண்ணும் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். உலர்ந்த மணல் சுமார் 15. புதிதாகப் பெய்த பனியோ 80 சதவீதம் வரை. பனிமலையில் அகல விளிம்பு போட்டிருப்பவருக்கும் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் கருகுவது இதனால்தான். அங்கே தொப்பி துணைக்கு மட்டுமே. கழுத்தையும் கன்னத்தையும் மூடும் துணிக்குழல், பக்கமும் மூடிய கூலிங் கிளாஸ் இரண்டும் கட்டாயம்.

மற்ற இடங்களில் மூக்கு, கீழ் உதடு, காது மடல், தாடை, கழுத்தின் பக்கங்கள் இவற்றுக்கு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள், வியர்த்து வழிந்தால் அதற்கு முன்பே.

பராமரிப்பு

வியர்வையின் உப்பு உள்பட்டையில் படிந்தால் பட்டை விறைத்து நெற்றியை அறுக்கும். நடை முடிந்ததும் உள்பட்டையை மட்டுமாவது நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். முழுத் தொப்பியையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் துவையுங்கள். பிளீச் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், டிரையரில் போட வேண்டாம். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் மாட்டி நிழலில் காய வைத்தால் வடிவம் மாறாது. ஓலை, கம்பளி, மெழுகுத் துணி இவற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வருடத்துக்கு ஒரு முறை பழைய தொப்பியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உச்சியிலோ மடிப்பு விழும் இடத்திலோ வெளிச்சம் கசிந்தால், விளிம்பு விறைப்பு இழந்து கண் மேல் விழுந்தால், அதைத் தோட்ட வேலைக்குக் கூட வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்திலும் அதே வெயில்தான்.